எழுந்து நிற்கும்போது வரும் தலைசுற்றல்: உட்காரவைத்து அளந்தால் தெரியாத கோளாறு

படுக்கையிலிருந்தோ நாற்காலியிலிருந்தோ எழுந்தவுடன் கண் இருட்டிக்கொண்டு வருவதும், கால் தரையில் பாவாததுபோல் தோன்றுவதும், சுவரைப் பிடித்துக்கொண்டு சில நொடிகள் நின்றால் எல்லாம் தெளிந்துவிடுவதும் பெரும்பாலானோர் ஒருமுறையாவது பட்டறிந்தவை. தானே தெளிந்துவிடுவதால் பலர் அதை யாரிடமும் சொல்வதில்லை. மருத்துவரிடம் போகிறவர்களில் சிலருக்கோ வேறொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. நடந்து போய், காத்திருந்து, நாற்காலியில் அமர்ந்து கையை நீட்டும் நேரத்தில் இரத்த அழுத்தம் ஒழுங்காகவே இருக்கும். "பிரஷர் நன்றாகத்தான் இருக்கிறது" என்ற பதிலோடும் சத்து மாத்திரைச் சீட்டோடும் அவர்கள் திரும்பிவிடுவார்கள். அளந்த அளவில் தவறில்லை. அளந்த நிலையில்தான் தவறு. நிற்கும்போது மட்டும் தலைகாட்டுகிற கோளாறு உட்காரவைத்துத் தேடினால் அகப்படாது.

குழப்பம் நாம் சொல்லும் சொல்லிலேயே தொடங்குகிறது. தலை கிறுகிறுப்பதையும் மயக்கம் என்கிறோம், நினைவு தப்பி விழுவதையும் மயக்கம் என்கிறோம், குமட்டலோடு வரும் சோர்வையும் மயக்கம் என்கிறோம். "மயக்கமாக வருகிறது" என்பவர் நினைவோடுதான் இருக்கிறார். "மயங்கிவிட்டார்" என்றால் நினைவு போய்விட்டது. தலைசுற்றல் என்ற சொல்லும் இப்படித்தான். அறையே சுழல்வதுபோல் தோன்றுவது ஒன்று. தலை வெறுமையாகி, கண்ணில் பூச்சி பறந்து, இதோ விழுந்துவிடுவோம் என்று தோன்றுவது இன்னொன்று. தலை தெளிவாக இருந்தும் நடை தள்ளாடுவது மற்றொன்று. முதலாவது பெரும்பாலும் உட்காதிலிருந்தும், இரண்டாவது மூளைக்குப் போகும் இரத்தம் குறைவதாலும், மூன்றாவது நரம்பு, சிறுமூளை, மூட்டு ஆகியவற்றின் தளர்ச்சியாலும் வருகின்றன. ஆனால் இந்தப் பிரிவினையை முற்றிலும் நம்பிவிட முடியாது. ஒரே நோயாளி தன் உணர்வை இன்று ஒரு விதமாகவும் நாளை வேறு விதமாகவும் சொல்வது இயல்பு. ஆகவே தலைசுற்றல் எப்படி இருந்தது என்பதைவிட, எப்போது வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, என்ன செய்தபோது வந்தது என்ற கேள்விகளுக்கே மருத்துவர்கள் இன்று கூடுதல் மதிப்புத் தருகிறார்கள்.

எழுந்து நிற்பது உடலுக்கு நாம் நினைப்பதுபோல் எளிய செயலன்று. படுத்திருக்கும்போது தலையும் இதயமும் காலும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இருக்கின்றன. நின்றதும் 500 முதல் 800 மில்லிலிட்டர் வரை இரத்தம் கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் உள்ள சிரைகளுக்கு இறங்கிவிடுகிறது. சிரையின் சுவர் மெல்லியது. நிரம்ப நிரம்ப விரிந்துகொடுக்கும். அங்கே தேங்கிய அளவுக்கு இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. வரவு குறைந்தால் அடுத்தடுத்த துடிப்புகளில் இதயம் வெளியே தள்ளும் இரத்தமும் குறைந்து அழுத்தம் சரிகிறது. இந்தச் சரிவை முதலில் உணர்வது மூளை. உடல் எடையில் 2 விழுக்காடே உள்ள அந்த உறுப்பு, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காட்டைப் பெற்றுக்கொள்கிறது. ஆனாலும் சேமிப்பு என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. இரத்த ஓட்டம் அடியோடு நின்றால் பத்து நொடி அளவிலேயே நினைவு தப்பிவிடும்.

இந்தச் சரிவு நம்மை அன்றாடம் வீழ்த்தாமல் இருப்பதற்குக் காரணம், நமக்குத் தெரியாமலேயே நடக்கும் ஒரு திருத்தம். கழுத்தின் இருபுறமும் ஓடும் தமனிகளிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும், தமனிச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்து சுவரின் விரிவு குறைந்ததும், மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்கு அவை அனுப்பும் செய்தியும் குறைகிறது. முகுளம் உடனே, துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு இதயத்தின்மேல் வைத்திருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. நாடி நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. கூடவே, நம் விருப்பமின்றித் தானே இயங்கும் பரிவு நரம்புகள் வழியாக இரத்தக் குழாய்களை இறுகச் செய்கிறது. இதற்கிடையில் கால் தசைகள் இறுகி, சிரைகளில் தேங்கிய இரத்தத்தை மேல்நோக்கிப் பிழிந்துவிடுகின்றன; சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அது மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. அரை நிமிடத்துக்குள் கணக்கு நேராகிவிடுகிறது. (ஒட்டகச்சிவிங்கியின் இரத்த அழுத்தம் மனிதருடையதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அவ்வளவு நீண்ட கழுத்தின் உச்சியில் மூளையை வைத்துக்கொண்டால் வேறு வழியில்லை.) இந்தத் திருத்தத்துக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: போதிய இரத்தம், ஒழுங்காக இயங்கும் இதயம், ஆணையை உரிய நேரத்தில் கொண்டுபோகும் நரம்பு. தலைசுற்றலின் காரணத்தைத் தேடுவது, இந்த மூன்றில் எது குறைந்தது என்று தேடுவதுதான்.

வல்லுநர்கள் 1996இல் வகுத்து 2011இல் விரிவாக்கிய வரையறை இதற்கு ஓர் அளவுகோலைத் தருகிறது. எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ, அல்லது கீழ் அளவு 10 மி.மீ. பாதரசமோ அதற்கு மேலோ, குறைந்து நீடித்தால் அது நிற்கும் நிலைத் தாழழுத்தம். படுத்திருக்கும்போதே அழுத்தம் உயர்ந்திருப்பவர்களுக்கு மேல் அளவில் 30 குறைந்தால்தான் அது கணக்கில் வரும். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கிறது; அவர்களில் பலருக்குத் தலைசுற்றலே தெரிவதில்லை என்பதுதான் விபரீதம். சோர்வு, மங்கலான பார்வை, எழுந்து நின்றால் மட்டும் பிடரியிலும் தோள்களிலும் வந்து படுத்ததும் விட்டுப்போகிற வலி, காரணம் புரியாத தடுமாற்றம் என்று அது வேறு வேடங்களில் வரும். தோள்வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவருக்கு இரத்த அழுத்தத்தை நிற்கவைத்து அளக்க வேண்டும் என்று எளிதில் தோன்றாது.

இளம் வயதினரின் கதை வேறு. உயரமான, ஒல்லியான பதின்ம வயதினர் துள்ளி எழுந்ததும் கண் இருண்டு, அரை நிமிடத்துக்குள் தெளிவது மிகவும் பரவலானது. இங்கே அழுத்தம் முதல் 15 நொடிக்குள் சட்டென்று 40 மி.மீ.க்கு மேல்கூட இறங்கி உடனே ஏறிவிடுகிறது. திருத்தம் ஒழுங்காகத்தான் நடக்கிறது, சற்றே பிந்தி நடக்கிறது. இதற்காக அச்சப்பட வேண்டியதில்லை. ஆனால் நின்றுகொண்டே இருக்கும்வரை படபடப்பும் கிறுகிறுப்பும் தொடர்ந்தால் அது இன்னொரு நிலையாக இருக்கலாம். அழுத்தம் குறையாமலேயே, நின்ற 10 நிமிடத்துக்குள் நாடி நிமிடத்துக்கு 30க்கு மேல், 12 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு 40க்கு மேல், கூடி, தொல்லைகள் 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை மருத்துவர்கள் போட்ஸ் என்ற சுருக்கப் பெயரால் குறிக்கிறார்கள். பெரும்பாலும் இளம் பெண்களிடம் காணப்படும் இது, பதற்றம் என்றும் மனக்கவலை என்றும் தள்ளிவிடப்படுவது மிகுதி. படுத்திருக்கும்போது ஒருமுறையும் நின்றபின் ஒருமுறையும் நாடியை எண்ணிப் பார்த்தாலே ஐயம் எழுந்துவிடக்கூடிய நோய்க்கு இந்தக் கதி நேர்வது வருத்தத்துக்குரியது.

காரணங்களில் முதலிடம் உடலில் நீரும் இரத்தமும் குறைவதற்கு. வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல், கடும் வெப்பம், போதிய நீர் குடிக்காமை ஆகியவை வெளிப்படையானவை. வெளியே தெரியாத இரத்தப்போக்குதான் கவனிக்க வேண்டியது: வலிநிவாரணி மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குபவரின் குடற்புண் கசிந்துகொண்டிருக்கும்போது, எழுந்தால் வரும் கிறுகிறுப்பே முதல் அறிகுறியாக இருக்கலாம், தார்போல் கறுத்த மலம் அதை உறுதிசெய்யும். மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கால் வரும் இரத்தசோகையும் இந்த வரிசையைச் சேர்ந்தது. பல நாள் படுக்கையில் கிடந்தவர், கர்ப்பிணி, மது அருந்தியவர், வெந்நீரில் நெடுநேரம் குளித்தவர் ஆகியோருக்கும் இது எளிதில் வரும். வயிறு நிறையச் சாப்பிட்டபின் 2 மணி நேரத்துக்குள் முதியோருக்கு அழுத்தம் இறங்குவதும் உண்டு. செரிமானத்துக்காக இரத்தம் குடல் பக்கம் திரும்பிவிடும்போது மற்ற குழாய்கள் அதற்கு ஈடாக இறுகத் தவறுவதே காரணம்.

அடுத்தது மருந்துகள். முதியோர் விஷயத்தில் நான் முதலில் கேட்க விரும்பும் கேள்வி, மாத்திரைப் பெட்டியில் என்ன இருக்கிறது என்பதுதான். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் உடலின் நீரைக் குறைக்கின்றன. புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் டாம்சுலோசின் போன்றவை இரத்தக் குழாய் இறுகுவதற்கான ஆணையையே ஓரளவு மறிக்கின்றன. நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரைகள், அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துகள், மனநோய்க்கான சில மருந்துகள், பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோப்பா ஆகியவையும் அழுத்தத்தை இறக்கும். நைட்ரேட் எடுப்பவர் ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபிலையும் எடுத்தால் அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். கூச்சத்தால் அதை மறைப்பது பெருந்தவறு. ஒரு மருத்துவர் தந்ததை இன்னொரு மருத்துவர் அறியாமல் போகும்போதுதான் இவற்றில் இரண்டு மூன்று ஒன்றுசேர்ந்துவிடுகின்றன.

இங்கே ஒரு தவறான முடிவுக்கும் வழியிருக்கிறது. "எனக்கு லோ பிரஷர்" என்று தானே தீர்மானித்துக்கொண்டு, உயர் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை நிறுத்திவிடுபவர்கள் உண்டு. உட்கார்ந்திருக்கும்போது அழுத்தம் 160 இருப்பவருக்கும் நின்றவுடன் அது 130க்கு இறங்கித் தலைசுற்றலாம். அவர் தாழழுத்தக்காரர் அல்ல, ஒரே நேரத்தில் இரண்டு கோளாறுகளும் உள்ளவர். கட்டுப்படாத உயர் அழுத்தம் தமனிகளை விறைப்பாக்கி, அவற்றின் சுவரில் விரிவை உணரும் நரம்பு முனைகளையும் மந்தமாக்குவதால், அதைச் சீராக வைத்திருப்பதே நிற்கும்போது ஏற்படும் சரிவையும் குறைக்க உதவக்கூடும். எந்த மருந்தை மாற்றுவது, எதை எந்த வேளைக்குத் தள்ளுவது என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

நரம்பே பழுதுபடுவதால் வருவது, எண்ணிக்கையில் குறைந்தாலும் நீடித்த தொல்லை. 1925இல் பிராட்பரி, எகிள்ஸ்டன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், எழுந்து நின்றால் அழுத்தம் இறங்கி மயங்கிவிழும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அழுத்தம் அவ்வளவு இறங்கியும் அவர்களுடைய நாடி உயராமல் இருந்ததை அவர்கள் கவனித்திருந்தார்கள். அந்தக் கவனிப்பு இன்றும் பயன்படுகிறது. நீர் வற்றியதால் அழுத்தம் இறங்கினால் இதயம் விரைந்து துடித்து ஈடுகட்டப் பார்க்கும். நரம்பு பழுதாகியிருந்தால் அழுத்தம் 40 இறங்கியும் நாடி அசையாது நிற்கும். இறங்கிய ஒவ்வொரு மி.மீ. அழுத்தத்துக்கும் நாடி அரைத் துடிப்புகூட உயரவில்லையென்றால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. நெடுநாள் நீரிழிவு இதற்கு முக்கியக் காரணம். பார்க்கின்சன் நோயும், அதனோடு தொடர்புடைய வேறு சில நரம்பு நோய்களும் மற்றவை. மலச்சிக்கல், சிறுநீர்த் தொல்லை, வியர்வை மாற்றம், ஆண்மைக் குறைவு ஆகியவை கூடவே இருந்தால் ஐயம் வலுக்கும். அட்ரினல் சுரப்பி வேலை குறைந்தாலும் அழுத்தம் இறங்கும். தோல் கறுத்துப்போவதும், உப்பின்மேல் ஆசை மிகுவதும், எடை குறைவதும் அதன் அடையாளங்கள்.

காதைச் சேர்ந்த தலைசுற்றலை இதிலிருந்து பிரித்தறிய ஒரு நல்ல வழி, படுக்கையில் புரண்டு படுக்கும்போது என்ன ஆகிறது என்று பார்ப்பது. உட்காதில் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழல்களுக்குள் போய்விட்டால், தலையை அசைக்கும்போதெல்லாம் உலகமே சுழலும். எழும்போதும் சுழலும், படுக்கும்போதும் சுழலும். இரத்த அழுத்தத்தால் வருவது படுத்தால் தணியும்; படுக்கையில் புரண்டால் வராது. காதுத் துகளைத் தலையை முறைப்படி திருப்பும் ஒரு சிறு பயிற்சியாலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

எப்போது மருத்துவரிடம் போவது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் உண்டு. உடனே, அதே மணி நேரத்தில் போக வேண்டிய நிலைகள் சில: தலைசுற்றலோடு நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒழுங்கற்ற படபடப்பு, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் பலமிழத்தல், இரட்டைப் பார்வை, இதுவரை வராத கடும் தலைவலி, கறுத்த மலம் அல்லது இரத்த வாந்தி, கருவுற்றிருக்கக்கூடிய பெண்ணுக்கு அடிவயிற்று வலி, இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் விழுந்து தலையில் அடிபடுதல். ஓடும்போதோ படியேறும்போதோ, அல்லது படுத்திருக்கும்போதே, நினைவு தப்பினால் அது நிற்பதால் வந்ததன்று. இதயத்தின் தாளத்தையோ வால்வையோ சந்தேகிக்க வேண்டும். குடும்பத்தில் யாரேனும் இள வயதில் திடீரென இறந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இவை ஏதுமின்றி, எப்போதாவது ஒருமுறை வந்து சில நொடியில் தெளிவதற்கு ஓட வேண்டியதில்லை. வாரத்தில் பலமுறை வந்தாலோ, புதிய மாத்திரை தொடங்கியபின் வந்தாலோ, ஒருமுறையேனும் விழுந்துவிட்டாலோ, நீரிழிவோ பார்க்கின்சன் நோயோ இருந்தாலோ, நாள் குறித்துக்கொண்டு போய்ப் பார்ப்பதே முறை.

போகும்போது கையில் கொண்டுபோக வேண்டியவை இரண்டு. ஒன்று, எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளும்; மூலிகை மருந்தும் கடையில் தானே வாங்கிய வலிமாத்திரையும் இதில் சேரும். மற்றொன்று, ஒரு வாரத்துக் குறிப்பு: எந்த வேளையில் வந்தது, அதற்கு முன் படுத்திருந்தாரா உட்கார்ந்திருந்தாரா, சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, மாத்திரை போட்டு எவ்வளவு நேரமாயிற்று, எத்தனை நொடியில் தெளிந்தது. அழுத்தம் அளக்கும் கருவி வீட்டில் இருந்தால் காலையில் எழும் நேரமே அளப்பதற்கு உகந்தது. பெரும்பாலோருக்குச் சரிவு அப்போதுதான் மிகுதி. 5 நிமிடம் படுத்திருந்தபின் ஒருமுறையும், எழுந்து நின்ற முதல் நிமிடத்தில் ஒருமுறையும், மூன்றாம் நிமிடத்தில் ஒருமுறையும் அழுத்தத்தையும் நாடியையும் எழுதிக்கொள்ள வேண்டும். அளக்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்பதும், தலை சுற்றினால் எண்ணைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்துவிடுவதும் அவசியம். மருத்துவமனையில் நிற்கவைத்து அளக்கவில்லையென்றால், "நின்றால்தான் வருகிறது, நிற்கவைத்து ஒருமுறை பார்க்க முடியுமா?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

அதன்பின் செய்யப்படும் பரிசோதனைகள் பெரும்பாலும் எளியவை: ஈ.சி.ஜி., ஹீமோகுளோபின், சர்க்கரை, சோடியம், பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு. இதயத்தில் இரைச்சல் கேட்டால் எக்கோ என்னும் இதய ஒலியலைப் படம். படபடப்பு இருந்தால் ஒரு நாள் முழுதும் பதியும் ஹோல்டர் கருவி. விடை கிடைக்காதபோது, நோயாளியைப் பட்டையால் கட்டிய மேசையை 60 முதல் 80 பாகை வரை சாய்த்து நிறுத்தி அழுத்தத்தையும் நாடியையும் தொடர்ந்து பதிவார்கள். 3 நிமிடத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல இறங்கும் பிந்திய சரிவு இதில்தான் பிடிபடும். மூளை ஸ்கேன், நரம்புக் குறை ஏதும் இல்லாதவருக்கு, பெரும்பாலும் ஒன்றையும் காட்டாது. ஆனாலும் நோயாளிகள் விரும்பிக் கேட்பது அதைத்தான்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. மருந்தால் வந்தது மருந்தை மாற்றினால் போகும். இரத்தசோகையால் வந்தது இரத்தம் ஏறினால் போகும். நீடிப்பவர்களுக்கு முதலில் சொல்லப்படுபவை பழக்கங்கள். படுக்கையிலிருந்து எழுமுன் காலை அசைத்து, ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது. இரவில் சிறுநீர் கழிக்க எழும் முதியவர் விளக்கைப் போட்டுக்கொள்வதும், ஆண்களாயினும் உட்கார்ந்தே கழிப்பதும். நின்றிருக்கும்போது கிறுகிறுப்பு தொடங்கினால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடைத் தசைகளை இறுக்குவதோ குந்தி உட்கார்வதோ சில நொடியில் அழுத்தத்தை உயர்த்தும். மயங்கி விழுபவரைத் தூக்கி உட்காரவைப்பது சுற்றியிருப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. படுக்கவைத்துக் கால்களை உயர்த்துவதே சரி. நரம்புக் கோளாறு உள்ளவர்கள் காலையில் எழுமுன் அரை லிட்டர் தண்ணீரை விரைவாகக் குடித்தால் அடுத்த அரை மணிக்குள் அழுத்தம் கணிசமாக உயர்வதுண்டு. இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் இந்த நீரையும், கூடுதல் உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இறுக்கமான காலுறைகள் உதவும்; வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டை பலருக்கு அதைவிட நன்றாக உதவும், ஏனெனில் வயிற்றுச் சிரைகளில் தேங்கும் இரத்தமும் மிகுதி. கட்டிலின் தலைமாட்டைச் சற்றே உயர்த்தி உறங்குவது இரவில் சிறுநீராக வெளியேறும் நீரையும் உப்பையும் குறைக்கும்.

இவை போதாதபோது மருந்துகள் உண்டு. ஃபுளுட்ரோகார்ட்டிசோன் உடலில் உப்பையும் நீரையும் நிறுத்திவைக்கிறது. மிடோட்ரின் இரத்தக் குழாய்களை இறுக்குகிறது. மிடோட்ரினைப் படுக்கப்போகும் நேரத்துக்கு 4 மணி நேரத்துக்குள் எடுக்கக்கூடாது, படுத்தபின் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறிவிடும். இந்த நோயில் படுக்கும்போது உயர்வதும் நிற்கும்போது தாழ்வதும் ஒரே உடலில் இருப்பதால், ஏதேனும் ஓர் எண்ணைக் குறிவைத்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. மறுமுறை போகும்போது மருத்துவரிடம் சொல்ல வேண்டியது, இப்போது எத்தனை நிமிடம் தாங்கி நிற்க முடிகிறது, விழாமல் எத்தனை நாள் போயிற்று என்பவைதான்.